அக்காவில் ஏறுவதா, தங்கையில் ஏறுவதா? குரூஸ் புக் பண்ணும் முன் ஒரு கணக்கு!

ராயல் கரீபியன் நிறுவனத்தின் 'ஓயாசிஸ் ஆஃப் தி சீஸ்', 'அல்யூர் ஆஃப் தி சீஸ்' இரண்டும் ஃபின்லாந்தின் துர்க்கு நகரத்தில், ஒரே கப்பல் தளத்தில், ஒரே வரைபடத்தை வைத்துக் கட்டப்பட்டவை. முதலாவது 2009-ல் கடலுக்கு வந்தது. அடுத்தது 2010-ல். கட்டி முடித்து அளந்து பார்த்தால், தங்கை அக்காவைவிட 5 சென்டிமீட்டர் நீளம்! சுமார் 360 மீட்டர் கப்பலில் 5 சென்டிமீட்டர் என்பது ஒரு கட்டைவிரல் அளவு. அந்தக் கட்டைவிரலை வைத்தே 'உலகின் மிகப் பெரிய பயணிகள் கப்பல்' பட்டம் தங்கைக்குப் போய்விட்டது. 2016-ல் அடுத்த தங்கை 'ஹார்மனி' வரும்வரை பட்டம் அவளிடமேதான் இருந்தது.

ஒரே டிசைனில் அடுத்தடுத்துக் கட்டப்படும் கப்பல்களை 'சிஸ்டர் ஷிப்' என்பார்கள். மொத்தக் குடும்பத்துக்கும் 'கிளாஸ்' என்று பெயர். பெரும்பாலும் மூத்தவளின் பெயர்தான் குடும்பப் பெயர். கப்பலை 'அவள்' என்று சொல்வது மாலுமிகளின் பழைய வழக்கம் என்பதால், நானும் அப்படியே எழுதிவிடுகிறேன். டைட்டானிக்குக்கும் ஓர் அக்கா உண்டு, தெரியுமா? 'ஒலிம்பிக்'. 1911-ல் வந்தவள், 1935 வரை ஓடினாள். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் இரண்டு பேரையும் பிரித்துச் சொல்ல ஓர் அடையாளம் இருக்கிறது. மேல்தள நடைபாதையின் முன்பாதியை டைட்டானிக்கில் ஜன்னல் வைத்து மூடியிருப்பார்கள். ஒலிம்பிக்கில் முழுக்கத் திறந்தே கிடக்கும்.

ஆக, 'சிஸ்டர் ஷிப்தானே, எதில் போனால் என்ன' என்று விட்டுவிட முடியாது. இந்த வாரம் இதைப் பற்றி எழுதக் காரணம், டல்லஸிலிருந்து ஒரு வாசகி அனுப்பிய மெயில்.

"கணவர் ஐ.டி-ல இருக்கார். பையனுக்கு 11 வயசு, பொண்ணுக்கு 4. திருநெல்வேலியில இருந்து மாமாவும் அத்தையும் ஆறு மாசம் இங்க வர்றாங்க. மாமாவுக்கு முழங்கால் வலி. இன்னொரு தடவை இவ்வளவு தூரம் ஃப்ளைட்ல வருவாங்களான்னு சொல்ல முடியாது. அதனால எல்லாரும் சேர்ந்து ஒரே ஒரு குரூஸ் போயிடலாம்னு காசு சேர்த்து வெச்சிருக்கோம். ஐகானா, ஸ்டாரா, யுடோபியாவா? தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் வீட்டுல இதே சண்டைதான். நீங்களே ஒண்ணு சொல்லுங்க!"

ஆறு பேர், இரண்டு கேபின், இனி அமையுமா என்று தெரியாத ஒரு பயணம். 'எல்லாமே சூப்பர் கப்பல்தாங்க' என்று பதில் போட்டுவிட முடியவில்லை. முதலில் இந்தக் குடும்பங்களை அறிமுகப்படுத்துகிறேன்.

ஆறு சகோதரிகள், ஒரே முகம், வேறு வேறு குணம்

ஓயாசிஸ் கிளாஸில் இப்போது ஆறு பேர். ஓயாசிஸ் (2009), அல்யூர் (2010) இரண்டும் ஃபின்லாந்தில் பிறந்தவை. ஹார்மனி (2016), சிம்பொனி (2018), வொண்டர் (2022), யுடோபியா (2024) நான்கும் பிரான்ஸின் செயின்ட் நசேரில் பிறந்தவை. ஆறு பேருக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான். நடுவில் கப்பலைப் பிளந்து வானம் தெரிகிற மாதிரி ஒரு திறந்தவெளி. அதில் ஒரு பாதி 'சென்ட்ரல் பார்க்'. உண்மையான செடி, கொடி, மரங்கள் பத்தாயிரத்துக்கு மேல். இன்னொரு பாதி 'போர்டுவாக்'. அதன் கடைசியில் கடலைப் பார்த்தபடி ஒரு நீர் அரங்கம். உள்ளே கடைகளும் உணவகங்களும் வரிசையாக நிற்கும் ஒரு வீதி. பனிச்சறுக்கு அரங்கம், செயற்கை அலையில் சறுக்கும் 'ஃப்ளோரைடர்', தலைக்கு மேல் ஜிப் லைன்.

வித்தியாசம் எங்கே என்றால், பிறந்த வருடத்தில் கொஞ்சம், செப்பனிட்ட வருடத்தில் நிறைய. பத்து மாடிக்குக் கீழே சுழன்றிறங்கும் 'அல்டிமேட் அபிஸ்' சறுக்கும், தண்ணீர்ச் சறுக்குகளும் ஹார்மனியில்தான் முதலில் வந்தன. மூத்தவள் ஓயாசிஸுக்கு அவை கிடைத்தது 2019-ல், 16.5 கோடி டாலர் செலவில் அவளை இழுத்துப்போட்டுப் புதுப்பித்தபோது. அடுத்து அல்யூரின் முறை. நடுவில் கொரோனா வந்ததில் அது தள்ளிப்போய், 2025-ல்தான் ஸ்பெயினில் முடிந்தது.

இதிலிருந்து தெரியவேண்டியது ஒன்று. அல்யூரைப் பற்றி 2023-ல் எடுத்த யூடியூப் வீடியோவைப் பார்த்துவிட்டு, 'இதுல ஸ்லைடே இல்லையாம்' என்று வீட்டில் யாராவது சொன்னால், அவர் பார்த்தது வேறொரு அல்யூர். கப்பல் வீடியோவில் முதலில் பார்க்கவேண்டியது அது எடுக்கப்பட்ட தேதி. 'எந்த வருஷம் கட்டினாங்க' என்று கேட்பதோடு 'கடைசியா எப்போ புதுப்பிச்சாங்க' என்றும் கேளுங்கள். நன்றாகப் புதுப்பித்த அக்கா, பல நேரம் தங்கையைவிடக் குறைந்த டிக்கெட்டில் கிடைப்பாள். விலையைப் பொறுத்தவரை 'புதுசு' என்ற வார்த்தைக்கே தனிக் கட்டணம்.

கடைக்குட்டி யுடோபியாவின் கதை தனி. ஆறு பேரில் எல்.என்.ஜி எரிவாயுவில் ஓடுவது அவள் ஒருத்திதான். ஆனால் பயணிகளுக்கு முக்கியமான வித்தியாசம் அது இல்லை. ஃப்ளோரிடாவின் போர்ட் கனாவெரலிலிருந்து 3 இரவு, 4 இரவு என்று குட்டிப் பயணங்களுக்காகவே அவளை 2024-ல் இறக்கினார்கள். வெள்ளிக்கிழமை கிளம்பினால் திங்கள் காலை கரை. போகுமிடம் பஹாமாஸில் நஸ்ஸாவும், கம்பெனியின் சொந்தத் தீவான கோகோகேயும். வார இறுதிக் கொண்டாட்டக் கூட்டம்தான் அவளுடைய வாடிக்கை. பாட்டு ராத்திரி அடங்காது.

3 இரவுப் பயணத்தில் ஏறும் நாள் பாதி போய்விடும். இறங்கும் நாள் காலையிலேயே அனுப்பிவிடுவார்கள். முழுசாகக் கிடைப்பது இரண்டே நாள். அந்த இரண்டு நாளும் கரையில் இறங்கிச் சுற்றினால், இவ்வளவு பெரிய கப்பலை எப்போது பார்ப்பது? நண்பர்கள் நாலு பேர் போவதற்கு யுடோபியா சரி. தாத்தா பாட்டியோடு போகிற பயணத்துக்கு என் ஓட்டு அவளுக்கு இல்லை.

ஐகானும் ஸ்டாரும்: நிஜ இரட்டையர்

வாசகி வீட்டுச் சண்டையின் முக்கிய ஆட்கள் இவர்கள். ஐகான் ஆஃப் தி சீஸ் 2024 ஜனவரியில் மியாமியிலிருந்து முதல் பயணம் போனது. கால்பந்து வீரர் மெஸ்ஸி வந்து பெயர்சூட்டிய கப்பல் என்றால் வீட்டுப் பையன்களுக்குச் சட்டென்று புரியும். 365 மீட்டர் நீளம், 20 தளம், 7 நீச்சல் குளம், 6 தண்ணீர்ச் சறுக்கு. ஸ்டார் ஆஃப் தி சீஸ் 2025 ஆகஸ்ட்டில் போர்ட் கனாவெரலிலிருந்து கிளம்பியது. இரண்டுமே 7 இரவுப் பயணங்கள். இரண்டும் துர்க்குவில் கட்டியவை.

இந்த இருவருக்குள் வித்தியாசம் தேடினால், பெரும்பாலும் பெயர்ப்பலகையில்தான் கிடைக்கிறது. ஐகானில் நியூயார்க் பாணி 'சப்பர் கிளப்' இருந்த இடத்தில், ஸ்டாரில் பழைய சிகாகோ பாணி. ஐகானின் அரங்கில் 'தி விஸர்ட் ஆஃப் ஆஸ்' இசை நாடகம் என்றால், ஸ்டாரில் 'பேக் டு தி ஃப்யூச்சர்'. டைம் மெஷின் கார் பிடிக்கும் என்றால் ஸ்டார், அவ்வளவுதான். இதற்காக ஒரு வீட்டில் சாப்பாட்டுக்குப் பிறகு சண்டை வரத் தேவையே இல்லை. ஐகானா ஸ்டாரா என்பதற்கு நேர்மையான பதில், 'மியாமிக்கு விமானம் மலிவா, ஆர்லாண்டோவுக்கு மலிவா' என்பதுதான். போர்ட் கனாவெரல் ஆர்லாண்டோவிலிருந்து ஒரு மணி நேர கார் தூரம். கூடவே டிஸ்னி வேர்ல்டும் பார்க்க நினைத்தால், அந்தப் பக்கம் தராசு சாயும்.

உண்மையான போட்டி ஐகான் குடும்பத்துக்கும் ஓயாசிஸ் குடும்பத்துக்கும் நடுவில்தான். நாலு வயதுப் பெண்ணுக்கு ஐகான் பக்கம் ஒரு பெரிய பலம் இருக்கிறது. 'சர்ஃப்சைடு' என்று ஒரு பகுதியையே ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை மனதில் வைத்து அமைத்திருக்கிறார்கள். குழந்தைகள் தண்ணீரில் விளையாடும் இடம், பெற்றோர் உட்காரும் இடம், சாப்பிடும் இடம் எல்லாம் ஒரே முற்றத்தில். ஆனால் 11 வயதுப் பையன் ஜிப் லைன் வீடியோக்களைப் பார்த்துவிட்டுக் கனவோடு இருந்தால், ஐகானிலும் ஸ்டாரிலும் அது கிடையாது! 'பெருசுன்னா எல்லாம் இருக்கும்' என்று நினைத்து ஏறிவிட்டு, பையன் முகம் வாடுவதை ஏழு நாள் பார்க்க வேண்டியிருக்கும். அது ஓயாசிஸ் குடும்பத்துச் சொத்து.

இரண்டு குடும்பத்திலும் 3 வயது முதல் குழந்தைகளுக்கான கிளப் இருக்கிறது, பகலில் இலவசம். ஒரே நிபந்தனை, குழந்தை டயப்பர் இல்லாமல் இருக்கப் பழகியிருக்க வேண்டும்.

பால்கனி என்றால் கடல் தெரியுமா?

தெரியாமலும் போகலாம். நான் இதை எழுத உட்கார்ந்ததற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று இந்த பால்கனி.

மேலே சொன்ன திறந்தவெளி இருக்கிறதல்லவா? ஓயாசிஸ் குடும்பத்தில் அதைச் சுற்றியும் கேபின்கள் இருக்கின்றன. அவற்றுக்கும் பால்கனி உண்டு. ஆனால் அந்த பால்கனியில் நின்றால் தெரிவது கீழே பூங்கா, எதிரே இன்னொருவர் பால்கனி. நம் ஊர் அபார்ட்மென்டில் 'பார்க் ஃபேஸிங்' என்பார்களே, அதேதான். ஐகான் குடும்பத்திலும் சென்ட்ரல் பார்க் பக்கமும், சர்ஃப்சைடு பக்கமும் இதுபோல உள்நோக்கிய பால்கனிகள் உண்டு. கடல் பார்த்த பால்கனியைவிடப் பெரும்பாலும் இவை மலிவு. 'பால்கனி ரூம் இவ்வளவு கம்மியா!' என்று சந்தோஷத்தில் பட்டனை அமுக்கும்போது, 'பார்க் வியூ', 'போர்டுவாக் வியூ' என்ற சின்ன எழுத்துகள் கண்ணில் படாமல் போகும்.

உள்நோக்கிய பால்கனி மோசம் என்று சொல்லவில்லை. சென்ட்ரல் பார்க் பக்கம் அமைதியாக இருக்கும், காற்று அடிக்காது, செடிகளைப் பார்த்துக்கொண்டு காபி குடிக்கலாம். சிலர் தேடிப்போய் அதையே எடுக்கிறார்கள். போர்டுவாக் பக்கம் கொஞ்சம் சத்தம். நீர் அரங்க நிகழ்ச்சி முடியும்வரை குழந்தையைத் தூங்க வைப்பது கஷ்டம். ஆனால் வாழ்க்கையில் முதல்முறையாகக் கப்பலேறும் ஓர் அத்தை, காலையில் எழுந்து திரையை விலக்கும்போது கடல் தெரியவேண்டும் என்று நினைப்பார் அல்லவா? இரண்டு கேபினில் ஒன்று மட்டும் கடல் பார்த்த பால்கனி என்றால், அது பெரியவர்களுக்கு. மற்றவர்கள் காலை காபிக்கு அங்கே கூடிவிடலாம்.

டன் கணக்கும் கூட்டக் கணக்கும்

ஐகானின் அளவு 2,48,663 ஜி.டி என்று போட்டிருப்பார்கள். இதை 'இரண்டரை லட்சம் டன் எடை' என்று எழுதாத தமிழ் செய்தித்தளம் அபூர்வம். ஜி.டி எடை அல்ல. கப்பலுக்குள் அடைபட்ட மொத்த இடத்தின் கொள்ளளவை வைத்துப் போடும் ஒரு எண். இதைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு ஆளுக்கு எவ்வளவு இடம் என்று ஒரு குத்துமதிப்பு கிடைக்கும்.

கேபினுக்கு இரண்டு பேர் என்ற கணக்கில் ஐகானில் 5,610 பயணிகள். வகுத்தால் 44 வருகிறது. ஓயாசிஸ் குடும்பத்தில் இதே கணக்கு சுமார் 40. 'அப்போ ஐகான்தான் தாராளம்' என்று முடிவு கட்டுவதற்கு முன் இன்னொரு எண்ணைப் பாருங்கள். சோஃபா கட்டில், தொட்டில் கட்டில் எல்லாம் நிரம்பினால் ஐகானில் 7,600 பேர் வரை ஏறலாம். இப்போது வகுத்தால் 33-தான்!

எல்லாக் கட்டிலும் எப்போது நிரம்பும்? அமெரிக்கப் பள்ளிகளுக்கு விடுமுறை விடும் ஜூன் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை, மார்ச்சில் வசந்த விடுமுறை, கிறிஸ்துமஸ் வாரம். அந்த நாள்களில் எந்தச் சகோதரியில் ஏறினாலும் கூட்டம்தான். பள்ளி திறந்த பிறகு செப்டம்பரில் அதே கப்பல் பாதி விலைக்கும் முக்கால் விலைக்கும் நடுவில்கூடக் கிடைக்கலாம், லிஃப்ட்டும் காலியாக வரும். ஆனால் செப்டம்பர் கரீபியனில் புயல் உச்சத்தில் இருக்கும் மாதம். கப்பல் புயலைச் சுற்றிக்கொண்டு போய்விடும், போகவேண்டிய ஊர் மட்டும் மாறிவிடும். இரண்டில் எது பரவாயில்லை என்பது அவரவர் பிள்ளைகளின் அட்டெண்டன்ஸையும் பொறுத்தது.

மாமாவின் முழங்கால்

360 மீட்டர் என்பதை இப்போது இந்தக் கண்ணோட்டத்தில் பாருங்கள். ஓயாசிஸ் குடும்பத்தில் லிஃப்ட்டுகள் இரண்டே இடத்தில்தான். முன்பக்கம் ஒரு கூட்டம், பின்பக்கம் ஒரு கூட்டம். நடுவில் கிடையாது. பெரிய நாடக அரங்கம் முன்கோடியில், பிரதான உணவுக்கூடம் பின்கோடியில். நடுவில் கேபின் எடுத்தால் ஆட்டம் குறைவாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் இவ்வளவு பெரிய கப்பலில் சாதாரணக் கடலில் ஆட்டம் பெரிதாகத் தெரியாது. நடப்பதுதான் தெரியும். நடுக் கேபின் என்றால் எங்கே போவதற்கும் தாழ்வாரத்தில் நீளமாக நடந்தாக வேண்டும்.

நாடகம் பார்ப்பது ஒரு முறை, சாப்பிடுவது மூன்று முறை. அதனால் முழங்கால் வலிக்காரர்களுக்குப் பின்பக்க லிஃப்ட்டுக்கு நாலைந்து கதவு தள்ளி ஒரு கேபின் பாருங்கள். புக் பண்ணும் பக்கத்திலேயே 'டெக் பிளான்' என்று தளவாரியாக வரைபடம் இருக்கும். போனில் பார்த்தால் கண் வலிக்கும், லேப்டாப்பில் திறந்து ஒரு மணி நேரம் செலவு செய்யலாம், தப்பில்லை. நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே உள்ள கேபினை மட்டும் தவிர்த்துவிடுங்கள். விடிகாலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் தலைக்கு மேலேயே கேட்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் வீல்சேர் வேண்டுமென்றால், முன்கூட்டியே பதிவு செய்தால் ஏற்பாடு செய்கிறார்கள்.

சாப்பாடு, துட்டு

சைவக் குடும்பங்கள் பயப்படத் தேவையில்லை. ராயல் கரீபியனின் எல்லாப் பெரிய கப்பல்களிலும் இது ஏறக்குறைய ஒன்றுதான். முதல் நாள் இரவே உணவுக்கூடத்தில் தலைமை வெயிட்டரைக் கூப்பிட்டு, 'இந்தியன் வெஜ்' வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அடுத்த நாளிலிருந்து மெனுவில் இல்லாத பருப்பு, சப்ஜி, ரொட்டி வந்து நிற்கும். சாம்பார் மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

டிக்கெட் விலையோடு செலவு முடியாது. பணியாளர்களுக்கான டிப்ஸ் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 18 டாலரைத் தாண்டுகிறது. நாலு வயதுக் குழந்தைக்கும் அதே கட்டணம்! ஆறு பேருக்கு 7 இரவு என்றால் 750 டாலருக்கு மேல். வைஃபை தனி. கோகோகே தீவில் தண்ணீர்ப் பூங்காவுக்குத் தனி. சிறப்பு உணவகங்களுக்குத் தனி. மதுவுக்கான பேக்கேஜில் ஒரு வினோத விதி உண்டு. ஒரு கேபினில் பெரியவர் ஒருவர் வாங்கினால், அதே கேபினில் இருக்கும் மற்றப் பெரியவர்களும் வாங்கியாக வேண்டும். மாமாவோடு அத்தையும் சேர்ந்து கட்டணம் கட்டவேண்டி வரும் என்பதால், கேபின் பிரிக்கும்போதே இதை யோசித்துவிடுங்கள்! நாடகம், பனிச்சறுக்கு, நீர் அரங்க நிகழ்ச்சிகள் எல்லாம் இலவசம். ஆனால் ஆப்பில் முன்கூட்டியே இடம் பிடிக்காவிட்டால் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

சிங்கப்பூரிலிருந்து ஏறுபவர்களுக்கு

நம் வாசகர்களில் பலருக்கு ஃப்ளோரிடா தூரம். சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் நேராக விமானம் ஏறினால் சில மணி நேரத்தில் சிங்கப்பூர். அங்கேயும் இதே அக்கா, தங்கை குழப்பம் உண்டு. குவாண்டம் (2014), ஆந்தம் (2015), ஓவேஷன் (2016) மூன்றும் ஜெர்மனியில் ஒரே அச்சில் கட்டியவை. அதே டிசைனைக் கொஞ்சம் மாற்றிச் செய்த ஸ்பெக்ட்ரம் 2019-ல் வந்தது, சீனச் சந்தையை மனதில் வைத்து. சிங்கப்பூரில் ஒரே கப்பல் நிரந்தரமாக நிற்பதில்லை. 2020-ல் குவாண்டம், 2022-ல் ஸ்பெக்ட்ரம், 2023 கடைசியில் ஆந்தம் என்று ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள். போன வருடம் போய்வந்த மாமா எடுத்த போட்டோக்களைப் பார்த்து இந்த வருடம் புக் பண்ணுகிறவர்கள், கப்பல் பெயர் அதேதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சகோதரிகள் எவ்வளவு தூரம் பிரிந்து போகலாம் என்பதற்குச் சிங்கப்பூரிலேயே ஓர் உதாரணம் நிற்கிறது. 'கென்டிங் ட்ரீம்' 2016-ல் கட்டப்பட்டது. அவள் தங்கை 'வேர்ல்டு ட்ரீம்' 2017-ல். இரண்டுக்கும் ஒரே முதலாளி. 2022-ல் அந்த நிறுவனம் நொடித்துப்போனது. அக்கா சிங்கப்பூரிலேயே புதிய நிறுவனத்தின் பெயரில் தொடர்ந்து ஓடுகிறாள். சைவம், ஜெயின் உணவு என்று விளம்பரம் செய்து இந்தியக் குடும்பங்களைக் கூப்பிடுகிறாள். தங்கையோ சவூதி அரேபியாவுக்குப் போய், 'அரோயா' என்று பெயர் மாறி, 2024 டிசம்பர் முதல் ஜெட்டாவிலிருந்து பயணம் போகிறாள். அரபுக் குடும்பங்களுக்காக உள்ளே நிறைய மாற்றியிருக்கிறார்கள், மதுவே கிடையாது. ஒரே தளத்தில் அடுத்தடுத்துப் பிறந்தவர்கள்தான்!

சிங்கப்பூர்ப் பயணத்தில் கப்பல் மலேசியாவுக்கோ தாய்லாந்துக்கோ போய்விட்டு மறுபடி சிங்கப்பூருக்கு வரும். விசா மறுமுறை நுழைய அனுமதிப்பதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

டல்லஸ் வாசகிக்கு…

உங்கள் பட்டியலில் இல்லாத ஒரு பதிலைச் சொல்கிறேன். கால்வெஸ்டன்.

ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தத் துறைமுகத்தில் ராயல் கரீபியன் 2022 நவம்பரில் தனக்கென ஒரு முனையம் திறந்தது. முதலில் வந்து நின்றவள் அல்யூர். அதன் பிறகு ஓயாசிஸ் குடும்பத்தில் யாராவது ஒருத்தி அங்கே வருவது வழக்கமாகிவிட்டது. டல்லஸிலிருந்து காரில் ஐந்து மணி நேரம். ஆறு விமான டிக்கெட் மிச்சம். மாமாவுக்கு விமான நிலைய நடையும் மிச்சம். வழியில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கலாம். மிச்சமாகும் பணத்தில் பெரியவர்களுக்குக் கடல் பார்த்த பால்கனி எடுங்கள். பையனுக்கு ஜிப் லைன் கிடைக்கும். சர்ஃப்சைடு இல்லாதது குட்டிப் பெண்ணுக்கு ஒரு குறைதான். ஆனால் ஓயாசிஸ் குடும்பத்திலும் குழந்தைகளுக்கான தண்ணீர் விளையாட்டு இடம் இருக்கிறது. நாலு வயதில் அதற்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடித்துச் சண்டை போடமாட்டாள் என்று நம்புகிறேன். நீங்கள் போகும் மாதத்தில் எந்தச் சகோதரி அங்கே நிற்கிறாள், அவள் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டாள் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம், காகிதங்கள். மாமா, அத்தையின் அமெரிக்க விசா பலமுறை நுழையும் வகையா என்று பாருங்கள். கப்பல் திரும்பி வருவது மறுபடியும் அமெரிக்காவுக்குள் நுழைவதுதான். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால், இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மெக்சிகோ தனி விசா கேட்பதில்லை.

சிக்கல் உங்கள் கணவருக்கு வரலாம். எச்-1பி-யில் இருக்கிற பலருக்கு வேலை அனுமதி நீட்டிக்கப்பட்டிருக்கும், பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியாகியிருக்கும். மெக்சிகோ, கனடா இரண்டுக்கு மட்டும் 30 நாளுக்குள் போய்த் திரும்ப, பொதுவாக அவர்களுக்கு ஒரு சலுகை விதி உண்டு. கரீபியன் தீவுகளுக்கு அது செல்லாது. கால்வெஸ்டன் கப்பல்கள் மெக்சிகோவின் கோசுமெல், கோஸ்டா மாயாவோடு, ஹோண்டுராஸின் ரோவட்டானையும் தொட்டுவிட்டு வருவதுண்டு. ரோவட்டான் பட்டியலில் இருந்தால் அந்தச் சலுகையை நம்பி ஏறக்கூடாது. முத்திரை காலாவதியாகியிருந்தால் டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள்.

பெரியவர்களுக்கு நீங்கள் எடுத்திருக்கும் விசிட்டர் இன்ஷூரன்ஸ் கப்பலுக்குள் செல்லுமா, நடுக்கடலிலிருந்து ஆளை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவையும் ஏற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கப்பலில் டாக்டர் இருக்கிறார், ஆனால் பில் உங்கள் அறைக் கணக்கில் ஏறும். மாமாவின் மாத்திரைகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்தில் கொடுக்கும் பெரிய பெட்டிகள் கேபின் வாசலுக்கு வந்துசேரச் சாயங்காலம் ஆகிவிடும். அப்புறம், அத்தை கட்டாயம் எடுத்து வைக்கப் பார்க்கும் எலெக்ட்ரிக் கெட்டிலும் குட்டி ரைஸ் குக்கரும் வாசலிலேயே பறிமுதல்!